பூநாரை பார்க்கப் போன ஞாயிறு

என் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். தரையிலிருந்து பார்த்தால் தீப்பெட்டி அளவுக்குத் தெரியும் கேபினில் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருக்கிற வேலை. கீழே லாரி வந்து நிற்கும்வரை செய்வதற்கு ஒன்றும் இருக்காது. மற்ற ஆபரேட்டர்கள் அந்த நேரத்தில் கண்ணயர்வார்கள், இல்லையென்றால் டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக்கொள்வார்கள். அண்ணன் பறவை பார்க்க ஆரம்பித்தார்.

பர்மா பஜாரில் ஒரு பைனாகுலர் வாங்கினார். அதன் ஒரு கண்ணாடியில் பூஞ்சை படிந்திருந்தது, அந்தப் பக்கம் எல்லாமே பனியில் தெரிவதுபோல இருக்கும். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையிலிருந்து அட்டை போன ஒரு பறவைப் படப் புத்தகமும் வந்தது. ஆலா, நீர்க்காகம், செம்பருந்து என்று பெயர் பெயராக எங்கள் வீட்டுக்குள் நுழைந்தன.

"கீழ குந்திகினு பாக்கறவனுக்குப் பறவையோட வயிறுதான் தெரியும். எனக்கு முதுகு தெரியும்" என்பார் பெருமையாக.

ராயபுரத்தில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருந்தோம். அண்ணன், அண்ணி, நான். அப்பா அம்மா இல்லை. அண்ணனுக்கும் எனக்கும் பத்து வயதுக்கு மேல் வித்தியாசம், என்னைப் படிக்க வைத்ததே அவர்தான். நான் அப்போது பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அண்ணி வியாசர்பாடிப் பெண், எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு நாற்பது வயது ஆவதற்கு முன்பே சர்க்கரை வந்துவிட்டது. மாத்திரை போடுவார், அதற்குச் சமமாகத் தெருமுனைக் கடையில் ஜாங்கிரியும் சாப்பிடுவார். அண்ணி சட்டைப் பையில் பிசுபிசுப்பைப் பார்த்துக் கண்டுபிடித்துச் சண்டை போடுவார். எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை அந்த அளவில்தான் இருந்தன.

தொண்ணூறுகளின் கடைசி அது. துறைமுகத்தில் தினக்கூலிக்கு வரும் எண்ணூர்க்காரர் ஒருவர் அண்ணனிடம் ஒரு சேதி சொன்னார். பொங்கல் முடிந்ததும் எண்ணூர் ஆற்றில் நீளக் கால் வைத்த சிவப்புப் பறவைகள் கூட்டமாக வந்து மேய்கின்றன, தன் கூடப்பிறந்த அண்ணனிடம் படகு இருக்கிறது, வந்தால் கூட்டிப் போவார் என்று. அன்று சாயங்காலம் அண்ணன் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறி வந்தார். புத்தகத்தைத் திறந்து பூநாரைப் படத்தை அண்ணியின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இது எண்ணூர்ல கீதாம். ஞாயித்துக்கெழம போறோம். நானே துடுப்புப் போடப் போறேன்."

அண்ணி படத்தைப் பார்க்கவே இல்லை. "ஊர்ல அவனவன் பொண்டாட்டிய வண்டலூருக்கு இட்டுகினு போறான், மகாபலிபுரத்துக்கு இட்டுகினு போறான். நீ எண்ணூருக்கு இட்டுகினு போறியா? பொக குடிக்கவா?"

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தக்காளி சாதம் கிளறியது அவர்தான். முட்டை அவித்து, பழைய துணியில் சுற்றி, தூக்குவாளியில் வைத்தார். எனக்கு முந்தின ராத்திரி தூக்கமே பிடிக்கவில்லை. ராயபுரத்தில் பிறந்து, கப்பல் சங்கைக் கேட்டே மணி தெரிந்துகொண்டு வளர்ந்தவள் நான். அதுவரை ஒரு படகில் கால் வைத்ததில்லை.

கும்மிடிப்பூண்டி ரயிலில் கூட்டமில்லை. திருவொற்றியூர் தாண்டியதும் உரத் தொழிற்சாலையின் நெடி ஜன்னல் வழியாக வந்தது. அண்ணி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் வெளியே எதையோ கவனிப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

எண்ணூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் குப்பம் வரை போய், அங்கிருந்து கருவேல முள்ளுக்கு நடுவே நடந்தோம். ஆறு திடீரென்று வந்தது. அவ்வளவு அகலத்தை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்க்கரை பனியில் மங்கலாக இருந்தது. அதற்குப் பின்னால் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் நின்றன. பனி எங்கே முடிந்து புகை எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது.

படகுக்காரர் எங்களுக்காகக் காத்திருந்தார். அண்ணனைவிட வயதில் கொஞ்சம் மூத்தவர். லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு சுற்றியிருந்தார். அவருடைய மனைவி அப்போதுதான் ஆற்றிலிருந்து கரையேறினார். கழுத்து வரை தண்ணீரில் அமிழ்ந்து கையாலேயே இறால் பிடிப்பவர். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பையைப் பல்லில் கடித்தபடியே வந்தார். கையில் எடுத்துத் திறந்து காட்டினார். அடியில் விரல் நீளத்துக்கு நாலைந்து கிடந்தன.

"காலைலேர்ந்து இவ்ளோதாம்மா" என்றார் என்னிடம். அவருடைய கைவிரல்கள் வெளிறி, தோல் உரிந்து, நுனியில் வெடித்திருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். புருஷனிடம், "தண்ணி வத்தறதுக்குள்ள இட்டுகினு வந்துரு" என்று மட்டும் சொன்னார்.

"எனுக்குத் தெரியாதா? பொறந்ததுலேர்ந்து இதுலதான குந்திகினு கீறேன்" என்றார் அவர்.

படகில் ஏறினோம். அண்ணி நடுப்பலகையில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார். கரை எங்களை விட்டு நகர்ந்தது. இன்றைக்கும் அந்த ஒரு நொடியை என்னால் அப்படியே நினைத்துக்கொள்ள முடியும். சத்தமே இல்லாமல் உலகம் நகர்ந்தது.

அண்ணன் துடுப்பைக் கேட்டு வாங்கினார். முதலில் படகு வட்டமடித்தது. படகுக்காரர் சிரித்தார். "ஒரே பக்கம் வலிச்சா இப்டித்தாண்ணே. கெரேன் இல்ல இது." கொஞ்ச நேரத்தில் கை பழகிவிட்டது. அண்ணன் முதுகு வியர்க்கத் துடுப்புப் போட்டார். வாய் ஓயவில்லை. அதோ கூழைக்கடா, அதோ நெடுங்கால் உள்ளான், அந்தக் கம்பு மேல பாரு மீன்கொத்தி. அலையாத்திச் செடிகள் ஒரு திட்டில் பச்சையாக அடர்ந்திருந்தன. அதற்குள்ளிருந்து கொக்குகள் ஒவ்வொன்றாக எழும்பி எங்கள் தலைக்கு மேல் போயின. அந்தக் கொஞ்ச தூரம் மட்டும் ஆறு, ஆறு மாதிரியே இருந்தது.

நான் தண்ணீரில் கையை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. தை மாதக் காலைப் பனியில், குளிக்க விளாவின வெந்நீர்போல. நான் சட்டென்று கையை எடுத்ததைப் படகுக்காரர் கவனித்துவிட்டார்.

"கரண்டு ஆபீசு தண்ணிமா. மிசினைக் குளுர வெச்சிட்டு சுடச்சுட இங்க வுடறான். அந்தாண்ட பைப்பு போவுது பாரு, அது சாம்பல் பைப்பு. நெலக்கரிச் சாம்பலத் தண்ணில கலக்கி அனுப்பறது. ஒயுங்கா போவாது. நடுவுல ஒடைஞ்சிகினு ஊத்தும்."

ஆற்றின் குறுக்கே தூண்களின் மேல் குழாய்கள் போயின. ஒரு இணைப்பிலிருந்து சாம்பல் நிறத்தில் நீர் கனமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய யாரும் வந்ததாகத் தெரியவில்லை. கீழே அது விழுந்த இடத்தில் ஒரு சிறிய திட்டு எழும்பியிருந்தது. பளபளவென்று, ஈரச் சிமெண்டைப் பூசி மெழுகியதுபோல.

பூநாரைகளை முதலில் பார்த்தது அண்ணிதான்.

"அது இன்னா, துணி காயப் போட்டுகீறாங்களா?" என்றார்.

தூரத்தில், ஆழமில்லாத நீரில், வெள்ளையும் ரோஜா நிறமுமாக ஒரு நீண்ட கோடு. அண்ணன் துடுப்பை விட்டுவிட்டுப் பைனாகுலரை எடுத்தார். கோட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். பிறகு அதை அண்ணியிடம் கொடுத்து, நல்ல கண்ணாடி இருந்த பக்கத்தை அவருடைய கண்ணில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அண்ணியின் வாய் தானாகத் திறந்தது.

"தலைய கீழ்ப்பக்கமா போட்டுத் தின்னுது... காலப் பாரேன், குச்சி மாரி. ஏய்யா, இதெல்லாம் மெய்யாவே இங்கயா கீது?"

"பின்ன? உன்னாண்ட பொய்யா சொன்னேன்?"

அண்ணி பைனாகுலரை எனக்குத் தரவே இல்லை. நான் கேட்டுக் கேட்டுப் பிடுங்கவேண்டியதாயிற்று. அந்தப் பனி படிந்த வட்டத்துக்குள் அவை அசைந்தன. ஒன்று இறக்கையை விரித்தபோது உள்ளே ரத்தச் சிவப்பு தெரிந்து மறைந்தது. மூன்று பேரும் குழந்தைகளைப்போல ஆகியிருந்தோம். அண்ணிதான் சொன்னார், "இன்னும் கிட்டக்கப் போலாமா?"

படகுக்காரர் வானத்தையும் நீரின் ஓட்டத்தையும் பார்த்தார். "போலாம் தங்கச்சி. இந்தாண்ட சுத்திப் போனா ஆழம் கீது" என்று படகை வலப்பக்கம் திருப்பினார்.

ஆழம் இல்லை. படகின் அடியில் உரசல்கூடக் கேட்கவில்லை, மெத்தையில் உட்கார்ந்ததுபோல நின்றுவிட்டது. படகுக்காரர் கழியை ஊன்றினார். அது இறங்கிக்கொண்டே போனது. வெளியே இழுத்தபோது அவருடைய முகம் மாறியது. இடம் மாற்றி ஊன்றினார். அங்கேயும் அப்படியே.

"போன மாசம் இங்க என் கழுத்தளவு தண்ணிண்ணே" என்றார். யாரும் கேட்காமலேயே மறுபடியும் சொன்னார். "வல போட்ட எடம் இது. என் கழுத்தளவு."

கடல் உள்வாங்கும் நேரம், ஆற்றில் நீர் வற்றிக்கொண்டிருந்தது. கண்ணெதிரே எங்களைச் சுற்றிச் சாம்பல் மேடு நனைந்த முதுகைக் காட்டத் தொடங்கியது. இப்போது தள்ளிவிட்டால்தான் உண்டு என்று படகுக்காரர் பின்பக்கமாகக் குதித்தார். தொடை வரை புதைந்தார். ஆனாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே தள்ளப் பார்த்தார். படகு அசைந்து கொடுத்தது, நகரவில்லை.

"இரு, நானும் எறங்கறேன்" என்று அண்ணன் செருப்பைக் கழற்றினார்.

"வோணாண்ணே, நீ குந்து" என்று படகுக்காரர் சொல்லி முடிப்பதற்குள் அவர் இறங்கிவிட்டார்.

அண்ணன் கனத்த உடம்புக்காரர். கால் வைத்ததும் இடுப்பு வரை போய்விட்டது. ஒரு நிமிடம் சிரித்தார், தமாஷ் மாதிரி. காலைத் தூக்கப் பார்த்தார். ஒரு காலைத் தூக்க மறு கால் இன்னும் இறங்கியது. சாம்பல் வயிற்றைத் தொட்டது. அப்போதுதான் அவர் சிரிப்பது நின்றது.

"அசையாத! அசையாதண்ணே! அசைஞ்சா இஸ்துகினு பூடும்!" என்று படகுக்காரர் கத்தினார். அவர் படகைப் பிடித்துத் தொங்கி, எப்படியோ தன்னை இழுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டார். அண்ணி அண்ணனின் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சட்டை கிழியும் சத்தம் கேட்டது. தூக்கு கவிழ்ந்து தக்காளி சாதம் படகின் அடியில் கொட்டிக் கிடந்தது. நான் அண்ணனின் ஒரு கையைப் பிடித்திருந்தேன். அந்தக் கை குளிர்ந்து வழுக்கியது. அவர் என்னைப் பார்க்காமல் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வுட்ராத" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"வுடமாட்டேன்யா. வாய மூடு" என்றார் அண்ணி.

படகுக்காரர் நடுப்பலகையைப் பெயர்த்து அண்ணனுக்கு முன்னால் சாம்பல் மேல் போட்டார். துடுப்பை அதன் குறுக்கே வைத்தார். "நெஞ்ச அது மேல சாச்சிக்கோ. நீச்சல் அடிக்கற மாரி படு. காலப் பத்தி நெனைக்காத." அண்ணன் படுத்தார். மூன்று பேரும் அக்குளுக்கடியில் கை கொடுத்து இழுத்தோம். சாம்பல் அவரை விடவில்லை. பெரிய வாய் ஒன்று உறிஞ்சுவதுபோல ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் கொடுக்கும், மறுபடி இழுத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் அப்படி இழுத்தோம் என்று எனக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் இடது கால் வெளியே வந்தது. பிறகு வலது கால் வந்தது. நான்கு பேரும் படகுக்குள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தோம். அண்ணி அண்ணனின் முதுகில் இரண்டு அடி அடித்தார். அப்புறம்தான் அழுதார்.

பூநாரைகள் பறந்துபோகவில்லை. அந்தக் கூச்சலுக்கும் அவை தலையைத் தூக்கவில்லை.

அண்ணனின் வலது பாதத்திலிருந்து ரத்தம் வந்ததை நான்தான் பார்த்தேன். சாம்பலுக்குக் கீழே பழைய ஆற்றுப் படுகை அப்படியே புதைந்திருக்கிறது, அதில் ஆளிச் சிப்பிகள் கத்தியைப்போல நின்றிருக்கின்றன என்று படகுக்காரர் சொன்னார். உள்ளங்காலில் விரல்களுக்குக் கீழே நீளமாகப் பிளந்திருந்தது. பிளவுக்குள் சாம்பல் அப்பியிருந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியை அண்ணி அதன் மேல் ஊற்றிக் கழுவினார். முந்தானையைக் கிழித்துக் கட்டினார்.

"ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டேன்.

அண்ணன் காலை ஆட்டிப் பார்த்தார். "வலிக்கவே இல்லமே. சத்தியமா. ஒண்ணியும் தெரியல" என்று சிரித்தார். எங்களுக்கு அது ஆறுதலாக இருந்தது.

நீர் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வெயில் உச்சிக்கு வந்து, சாய்ந்தது. உடம்பில் ஒட்டியிருந்த சாம்பல் காய்ந்து, தோலை இழுத்து, வெடித்தது. அரிப்பு தாங்க முடியவில்லை. சொறிந்தால் நகத்துக்குள் வெள்ளையாக வந்தது. நால்வரும் சாம்பல் பூசிய முகத்தோடு ஒருவரையொருவர் பார்க்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தோம். குரல் கொடுத்தால் கேட்கும் தூரத்தில் யாரும் இல்லை. அப்போது எங்களில் யாரிடமும் செல்போன் இல்லை. படகுக்காரர் அவ்வப்போது எழுந்து நின்று கரையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து தனக்குத்தானே பேசினார். "எங்கப்பன் கண்ண மூடிகினு போவான் இந்த வழியா. நானும் போயிருக்கேன். எங்க எது கீதுன்னு இப்ப எனக்கே தெரியல."

அண்ணன் மட்டும் பைனாகுலரை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் கரை சேர்ந்தபோது படகுக்காரரின் மனைவி இடுப்பளவுத் தண்ணீர் வரை இறங்கி வந்து படகைப் பிடித்தார். குடத்துத் தண்ணீரை எங்கள் மேல் ஊற்றிக்கொண்டே இருந்தார். டீ போட்டுக் கொடுத்தார். எண்ணூரில் ஒரு சின்ன கிளினிக்கில் ஊசி போட்டுக் கட்டுக் கட்டினார்கள். ரயிலில் அண்ணன் தூங்கிவிட்டார்.

மறுநாளே கிரேனுக்குப் போனார். வேண்டாமென்று அண்ணி சொன்னதற்கு, "வலியே இல்லாததுக்கு லீவு போடுவாங்களா?" என்றார். கட்டின் மேலேயே ஷூவை மாட்டிக்கொண்டு அவ்வளவு உயர இரும்பு ஏணியில் ஏறி இறங்கினார். அந்த வாரம் முழுவதும் நன்றாகத்தான் இருந்தார். அண்டை வீட்டு முஸ்லிம் பெரியவரிடம் பூநாரையைப் பற்றி நின்றுகொண்டே ஒரு மணி நேரம் சொன்னார். அவரும், "அல்லாவோட படைப்பு, எண்ணூர்லயே வந்து நிக்குதா?" என்று வாய் பிளந்து கேட்டார்.

நாற்றம் முதலில் அண்ணிக்குத்தான் தெரிந்தது. செத்த எலி எங்கேயோ கிடக்கிறது என்று கட்டிலுக்கடியில், அலமாரிக்குப் பின்னால் எல்லாம் தேடினார். நானும் கூடத் தேடினேன். பிறகு அண்ணன் கழற்றிப் போட்ட ஷூவைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே நின்றார். கட்டைப் பிரித்தபோது சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. அண்ணன் குனிந்து அதை யாருடையதோ போலப் பார்த்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் காலின் பல இடங்களில் ஊசி முனையால் தொட்டுத் தொட்டு, "தெரியுதா? இங்க தெரியுதா?" என்று கேட்டார். அண்ணன் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரும்வரை இல்லை இல்லை என்றே சொன்னார். வலி தெரியாமல் போனது காயம் சின்னது என்பதால் இல்லை, சர்க்கரையால் நரம்பு எப்போதோ செத்துவிட்டதால் என்று டாக்டர் எங்களுக்கு விளக்கினார். முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு பாதி பாதம் போனது. கறுப்பு அதற்கு மேலும் ஏறியது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, அம்மனுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார். அண்ணி, "எங்க வூட்ல வேண்டுதல்லாம் கெடையாதுக்கா. நாங்க புத்தர் வழி" என்றார். அந்தப் பெண், "அப்ப நீங்க யாராண்டதாம்மா கேப்பீங்க?" என்று மெய்யாகவே தெரியாமல் கேட்டார். அண்ணி எழுந்து போய்க் குழாயடியில் வெகுநேரம் பாத்திரம் கழுவினார்.

படகுக்காரர் சேதி கேள்விப்பட்டு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு வந்திருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கையில் ஒரு பையில் நண்டு. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார், பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அண்ணி அதைப் பார்த்ததும் எழுந்தார். "அந்த ஆத்துலேர்ந்து இன்னொண்ணு எடுத்தாந்தியா? எடுத்துகினு போ! பொறந்ததுலேர்ந்து குந்திகினு கீறேன்னு சொன்னியே, இன்னா தெரிஞ்சிது உனுக்கு?"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. படகுக்காரர் அண்ணிக்கு எதிரே தலையைக் குனிந்து நின்றார்.

"அவரை இன்னாத்துக்குக் கத்தற?" என்றார் அண்ணன் படுக்கையிலிருந்து. "அவரா சாம்பலைக் கொட்டினாரு?" பிறகு அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவர் கட்டிலின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். அண்ணன்தான் கேட்டார், "இன்னும் கீதா அதுங்க?"

"கீதுண்ணே. நேத்துகூட எறங்கிச்சி."

அண்ணன் தலையாட்டினார். அதற்குப் பிறகு பறவையைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

நண்டுப் பையை நான் வாசல்வரை போய்த் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளும்போது அவருடைய கைகளும் அவர் மனைவியின் கைகளைப்போலவே உரிந்திருந்ததைப் பார்த்தேன். அடுத்த வருடம் அவர் ஆற்றை விட்டுவிட்டு ஏதோ காண்டிராக்டரிடம் கல் சுமக்கப் போய்விட்டதாக, துறைமுகத்துக்கு வரும் அவருடைய தம்பி சொன்னார். "தண்ணில எறங்கினா ஒடம்பு வெந்து பூடுது. எறங்காட்டி வவுறு வேவுது" என்றாராம்.

கட்டைக்காலோடு அண்ணனால் ஏணி ஏற முடியவில்லை. கொஞ்ச நாள் கீழே ஷெட்டில் உட்காரவைத்தார்கள். அங்கே அவருக்கு வேலை எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதை அவரால் தாங்க முடியவில்லை, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பிறகு தண்டையார்பேட்டையில் ஒரு எஸ்.டி.டி. பூத் கிடைத்தது, ஊனமுற்றோருக்கு ஒதுக்கியது. நாலடிக்கு நாலடி. கண்ணாடிக் கதவுக்குள் ஒருவர் நின்று துபாய்க்குப் பேசிக்கொண்டிருப்பார், வெளியே இவர் ஸ்டூலில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் எங்களோடு ஓயாமல் பேசியவர், அடுத்தவர் பேச்சைக் கேட்காததுபோல முகத்தை வைத்துக்கொள்ளப் பழகிப் பழகி, வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டார். எல்லோர் கையிலும் செல்போன் வந்ததும் பூத்தும் ஓய்ந்தது. அண்ணியின் தையல்தான் வீட்டை நடத்தியது. ஜாங்கிரிச் சண்டை வருவதில்லை. அண்ணன் எதையும் ஆசையாகச் சாப்பிடுவதை விட்டுவிட்டார்.

அதற்குள் எனக்குக் கல்யாணமாகிவிட்டது. ஒருமுறை மீஞ்சூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு நானும் அண்ணியும் மட்டும் ரயிலில் போனோம். அண்ணன் வரவில்லை என்றுவிட்டார். வண்டியில் நல்ல கூட்டம், புழுக்கம். அண்ணிக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. எண்ணூர் ஸ்டேஷன் வரை என் மாமியாரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். வண்டி கிளம்பியதும் பேச்சை நிறுத்திவிட்டு இரும்பு ஷட்டரைச் சடாரென்று இறக்கிவிட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "இன்னாம்மா, காத்து வரத்துக்கு ஒரே வயி அதான், அத்தயும் சாத்திட்ட" என்றார்.

அண்ணி அவரைப் பார்க்கவில்லை. ஷட்டரைத் தூக்க அந்த அம்மா கையை நீட்டினார். அண்ணி தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். ஆற்றுப் பாலத்தின் சத்தம் தடதடவென்று எழுந்தது. ஷட்டரின் இடுக்குகள் வழியாக வெளிச்சம் அவர் முகத்தில் கோடு கோடாக ஓடியது. எதிரே இருந்த அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, கையை இழுத்துக்கொண்டார். சத்தம் அடங்கி, வண்டி மறுபடி தரையில் ஓடுகிற ஓசை வரும்வரை அண்ணி அந்தக் கையை எடுக்கவில்லை.